கோடரிக்குப் பிடி போட்ட கை



இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நீங்கள், ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வாசல் நிலை, கதவு, ஜன்னல் சட்டம், அலுமாரி, பிள்ளைகள் படிக்கும் மேசை, உம்மா வெற்றிலைத் தட்டம் வைக்கும் முக்காலி. எல்லாம் மரம். இந்த மரம் எந்தக் காட்டில் நின்றது, யார் வெட்டினார், எதில் ஏற்றிக் கொண்டு வந்தார் என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? சட்டியில் போடும் இறைச்சியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். சாய்ந்து உட்காரும் கதிரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

நானும் கேட்காதவன்தான். கேட்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவர் ஒரு கிதாபு ஓதிய ஆலிம் அல்லர். கோடரி பிடித்த ஒரு கிழவர். அவரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் என் குறையை நானே சொல்லிவிடுகிறேன்.

ஹெந்தளையில் ஹமில்டன் கால்வாய்க்குக் கிட்ட எங்கள் வீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பின்புறம் ஓர் அறை இழுத்துக் கட்டினோம். சுவர் எழும்பி, நிலை வைக்கும் கட்டம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஈரமும் உப்புக் காற்றும் அதிகம். கறையானுக்கும் குறைவில்லை. தச்சு பாஸ் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "ஹஸ்ரத், முதிரை போடுங்க. பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அசையாது" என்றார். விலை கேட்டேன். இரண்டு விலை சொன்னார். துண்டோடு ஒரு விலை, துண்டில்லாமல் ஒரு விலை.

துண்டு என்றால் வன இலாகா கொடுக்கும் பேர்மிட். இரண்டு விலைக்கும் இடையில் இருந்தது என் இரண்டு மாதச் சம்பளம். நான் "கூடாது" என்று சொல்லவில்லை. "பாப்போம் பாஸ்" என்றேன். பேணுதலைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறவனின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அந்தக் கிழமையில் மத்ரஸா விடுமுறை தொடங்கியது. குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குப் போனோம். கொழும்பில் பஸ் ஏறினால் தம்புள்ளை, ஹபரணை தாண்டி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். கதுருவெலையில் இறங்கி, அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் காடு. மனைவியின் தாய்மாமன் ஒருவர் அங்கே இருக்கிறார். எனக்கும் அவர் மாமாதான். வயது அறுபத்தெட்டு. பதினான்கு வயதில் தன் வாப்பாவோடு காட்டுக்குப் போனவர். கூலிக்கு மரம் வெட்டியிருக்கிறார், விறகு வெட்டியிருக்கிறார், தேக்குத் தோட்டத்தில் கன்று நட்டிருக்கிறார், டிராக்டர் ஓட்டியிருக்கிறார். வேறு தொழில் தெரியாது. ஐந்து நேரத் தொழுகை தவறியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதுதான் அவருடைய ஆயுதசாலை. சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் தொங்கவிட்டிருந்தார். மரம் வீழ்த்தும் மெல்லிய வாய்க் கோடரி ஒன்று, விறகு பிளக்கும் தடித்த கோடரி ஒன்று, செடி கொடி விலக்கும் நீண்ட பிடிக் கத்தி, இரும்பு ஆப்பு, மர ஆப்பு, அரம், சாணைக்கல், சங்கிலி, வாளில் ஒட்டும் பிசினைத் துடைக்க ஒரு போத்தலில் மண்ணெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே, ஆளுயரத்துக்கு, இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும் பெரிய வாள்.

அன்று அவர் கோடரிக்குப் புதுப் பிடி செதுக்கிக் கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன மரம் மாமா?"

"விண்ணாங்கு. பாலை வைரம்தான், ஆனா பாரம். வெட்டுற அடி முழுக்கக் கைக்கு ஏறும். விண்ணாங்கு வளைஞ்சு குடுக்கும்."

வாள் போட்டு அறுத்த பலகையில் பிடி செய்யக் கூடாது, கட்டையைப் பிளந்துதான் செய்ய வேண்டும் என்றார். அறுக்கும்போது வாள் நாரை வெட்டிக்கொண்டு போகும். பிளக்கும்போது மரம் தன் நாரின் வழியிலேயே பிரியும். அப்படிப் பிரிந்த கட்டையில்தான் நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடும். அதை நிழலில் காயவைக்க வேண்டும். வார்னிஷ் பூசக் கூடாது, வியர்த்த கையில் வழுக்கும். இவ்வளவும் ஒரு பிடிக்கு!

எனக்கு உடனே ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவம். அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வருகிறார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் விசாரிக்கிறார்கள். பாதியை உடுத்தி பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான் உண்டு. இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, நபியவர்களே ஏலம் கூறுகிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்கிறார். அதைவிடக் கூடுதலாகத் தருபவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுக்கிறார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, மற்றதற்கு ஒரு கோடரி. அந்தக் கோடரிக்குத் தமது முபாரக்கான கையாலேயே பிடி போட்டு, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் படவேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வருகிறார்.

இந்த அறிவிப்பின் தொடர் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும், கயிறெடுத்து விறகுக் கட்டு சுமந்து விற்பது பிறரிடம் கையேந்துவதைவிட மேலானது என்ற கருத்து புகாரியிலேயே வந்திருக்கிறது.

மாமா செதுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"என்ன மரத்துல பிடி போட்டாங்க, மௌலவி?"

நான் திகைத்துப் போனேன். அரபு மூலத்தில் "ஊத்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஒரு கம்பு, ஒரு மரத்துண்டு என்று பொருள். இன்ன மரம் என்று இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நானும் யோசித்ததில்லை, ஒரு மாணவனும் கேட்டதில்லை. சொன்னேன்.

"மரம் தெரியாட்டியும் பரவாயில்ல" என்றார். "ஒண்டு தெரியுது. பிடி சரியா இறுகாட்டி, ஓங்குற நேரம் கோடரி கழண்டு பறக்கும். பின்னால நிக்கிறவன்ட நெஞ்சில பட்டாலும் பட்டதுதான். பிடி போட்டுக் குடுக்கிறவர் அந்த ஆள்ட உயிருக்கும், பக்கத்தில நிக்கிறவன்ட உயிருக்கும் பொறுப்பெடுக்கிறார். அதுக்குத்தான் ரசூலுல்லாஹ் அத வேற ஆள்ட கையில விடல்ல."

வாசகர்களே, இந்த ஹதீஸுக்குப் பல விளக்கவுரைகளைப் புரட்டியிருக்கிறேன். இந்த விளக்கத்தை எனக்குச் சொன்னவர் கோடரி பிடிப்பவர்தான்.

பிறகு பேச்சு மேலே தொங்கிய பெரிய வாளுக்குப் போனது. அந்த வாளை இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாதாம். ஒருவர் தன் பக்கம் இழுக்கும்போது மற்றவர் கையை இலகுவாக விட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு அவருடைய முறை. இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாள் நகராது. ஒருவர் தள்ளினால் தகடு வளைந்து மரத்தில் இறுகும். "கலியாணம் முடிக்கிற பொடியனுகளுக்கு ஒரு நாளைக்கு இந்த வாளக் குடுத்து இழுக்கச் சொல்லணும்" என்றார் மாமா. உள்ளேயிருந்து மாமி, "நீங்க தள்ளாத நாளும் உண்டா?" என்று குரல் கொடுத்தார். கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

செயின்சோவைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன என்று அறிய ஆசைப்பட்டேன். பழைய ஆள், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "முதுகு முறியாமக் காப்பாத்தினது அதுதான்" என்றார். ஆனால் அவருக்கு அதில் ஒரு குறை உண்டு. கோடரியால் வெட்டுகிறவன் மரத்தின் பேச்சைக் கேட்கிறான். வெட்டுமுன் கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. உள்ளே போறை இருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். விழப்போகும் மரமும் முதலில் நார் அறும் சத்தத்தைத் தரும். அந்தச் சத்தம் கேட்டால் ஒதுங்க நேரம் கிடைக்கும். மெஷின் போடும் இரைச்சலில் இது எதுவும் காதில் விழாது. "மரம் சொல்லுது, நமக்குத்தான் கேக்கல்ல" என்றார்.

இந்த இயந்திரத்தின் வரலாற்றை வாசித்த ஞாபகம் எனக்கு இருந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். ஆரம்பத்தில் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டுப் புழு மரத்தைக் குடைவதைக் கண்டார். அது முன்னும் பின்னும் இழுபடாமல், தாடையை இடமும் வலமும் அசைத்து, குறுக்காகவும் நெடுக்காகவும் தின்றுகொண்டு போனது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் செய்த சங்கிலிப் பல்தான் இன்றைய செயின்சோக்களின் மூலம். இதைச் சொன்னதும் மாமா தலையை ஆட்டினார். "அல்லாஹ் புழுவுக்குக் குடுத்த பல்லு. ஆனா புழு தன்ட வயித்துக்கு அளவாத் தின்னுது."

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். பாட்டா செருப்போடு செயின்சோ பிடிக்கும் பையன்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். வாளின் நுனி மேல்பக்கம் மரத்தில் பட்டால் கண்மூடித் திறக்குமுன் வாள் முகத்தை நோக்கி எகிறும். மெஷினுக்கு எத்தனை ஆயிரமும் கொடுக்கும் முதலாளி, பிடிக்கிறவனுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுப்பதில்லை என்றார். 2019இல் செயின்சோ வைத்திருப்போர் எல்லாரும் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் பணித்ததையும் அவர் குறை கூறவில்லை. "மெஷினப் பதியுறது நல்லம். அதப் பிடிக்கிறவன்ட காலையும் யாராச்சும் பாத்தா இன்னும் நல்லம்." 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, ஊரிலிருந்த செயின்சோக்கள் வாய்மூடிக் கிடந்தன. கேஸ் இல்லாமல் எல்லா வீட்டிலும் விறகடுப்பு எரிந்த காலமும் அதுதான். அந்த நாட்களில் மாமா கோடரியை ஆணியிலிருந்து இறக்கி, அண்டை வீடுகளுக்கெல்லாம் விழுந்த கொப்பு வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

வாகனங்களைப் பற்றி அவர் கதைத்தால் நேரம் போவது தெரியாது. சிறுவயதில் யானை மரம் இழுத்ததைப் பார்த்திருக்கிறார். கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து இழுக்கும். தன்னால் முடியாத கட்டையென்றால் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். அதன்பின் எவர் சொன்னாலும் கேளாது. "யானைக்குத் தன்ட பலம் தெரியும். டிராக்டருக்குத் தெரியாது, ஓட்டுறவனுக்குத்தான் தெரியணும்." மெஸ்ஸி பெர்கூசன் டிராக்டரில் பல வருடம் கட்டை இழுத்தவர் அவர். இழுக்கும் சங்கிலியை உயரத்தில் கொழுவினால், பாரத்தில் முன்சில்லு எழும்பி, டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுகிறவனின் மேலேயே கவிழ்ந்துவிடும். தாழத்தான் கொழுவ வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் மரம் வெட்டவே கூடாது. லேண்ட்மாஸ்டர் வயலுக்கு நல்லது, பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினால் தவ்பாச் செய்துகொள்ள வேண்டியதுதான். மாட்டுவண்டிதான் எல்லாவற்றிலும் மேல் என்றார். பாதை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மாட்டுக்கு வீட்டு வழியும் தெரியும்.

மாட்டுவண்டி என்று சொன்னவுடன் அவர் பேச்சு நின்றது. பிடியை மறுபடி செதுக்கத் தொடங்கினார். சிறிது நேரத்துக்குப் பின் தானாகவே சொன்னார்.

அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டவுனிலிருந்து ஒரு தரகர் வந்தான். யாரோ பெரிய வீடு கட்டுகிறார்களாம், முதிரை வேண்டுமாம். கையில் முற்பணம் வைத்தான். அந்த வருடம் மழை பொய்த்து வயலும் இல்லை. வாப்பாவும் மகனுமாக இரவில் போய், இரண்டு மரம் வீழ்த்தி, வண்டியில் ஏற்றினார்கள். விடியுமுன் பிடிபட்டார்கள்.

"குற்றம் எங்கடதான். அத நான் மறைக்கல்ல" என்றார் மாமா.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வன இலாகா 1887இல் தொடங்கப்பட்டது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 40ஆம் பிரிவின்படி, குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரம் மட்டும் பறிமுதல் ஆவதில்லை. அதற்குப் பயன்படுத்திய கருவி, வாகனம், இயந்திரம், மாடு எல்லாமே பறிமுதலாகும். வாகனம் வேறொருவருடையதாக இருந்தால், குற்றம் நடக்காமல் தடுக்கத் தன்னால் ஆன எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக அந்தச் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டும்.

அப்படித்தான் மாமாவின் வீட்டிலிருந்து இரண்டு கோடரி, ஒரு வாள், வண்டி, இரண்டு மாடுகள் போயின. அபராதம் கட்ட அவருடைய உம்மாவின் காதுத் தோடு அடகுக்குப் போனது. பின்னர் ஒரு நாள், பறிமுதலான பொருட்களை ஏலம் போட்டார்கள். மாமாவின் வாப்பா அங்கே போனார். வாங்க அல்ல, கையில் காசு இல்லை. மாடுகளைப் பார்க்கப் போனார். கன்றிலிருந்து அவர் வளர்த்தவை. கூட்டத்தில் அவருடைய குரல் கேட்டதும், மாடு இரண்டும் காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தனவாம். வேறொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். வாப்பா வீட்டுக்கு வந்து, யாரோடும் பேசாமல் வண்டி நின்ற இடத்தைக் கூட்டினார். அதன் பிறகு அவர் காட்டுக்குப் போகவில்லை.

"தரகன்?" என்று கேட்டேன்.

"அவன் அண்டைக்கே காணாமப் போனான்."

"வீடு கட்டினவர்?"

"அவருக்கு எங்கட பேரே தெரியாது. வேற எங்கேயோ இருந்து மரம் வந்திருக்கும், வீடும் எழும்பியிருக்கும். அந்தக் கதவு இப்பவும் எங்கேயோ திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும்." சொல்லிவிட்டு, பிடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒங்கட வீட்டு வேல எந்த மட்டத்துல, மருமகன்? நிலை வெச்சாச்சா?"

எனக்கு வாய் எழவில்லை.

வாசகர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு ஏலங்கள் மனதில் மாறி மாறி வந்தன. மதீனாவில் நடந்த ஏலத்தில் ஓர் ஏழையின் துணியும் பாத்திரமும் விற்கப்பட்டு, அவன் கையில் ஒரு கோடரி கொடுக்கப்பட்டது. இங்கே நடந்த ஏலத்தில் ஓர் ஏழையின் கையிலிருந்த கோடரியும் மாடும் போய்விட்டன. அவர்கள் செய்தது குற்றம்தான், சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்தக் குற்றத்துக்குக் காசு கொடுத்தவன் யார்? டவுனில் இருந்துகொண்டு, குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு, எங்கிருந்து என்று கேட்காமல் "பாப்போம்" என்று சொன்ன ஒருவர். என்னைப் போன்ற ஒருவர். அவருடைய பெயர் வழக்கேட்டில் இல்லை என்பதால் எல்லா ஏட்டிலும் இல்லை என்று ஆகிவிடுமா?

காடு முடிந்துபோகாத சொத்தல்ல என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 1956ஆம் ஆண்டின் கணிப்பில் இலங்கையின் நிலப்பரப்பில் சுமார் 44 வீதம் காடாக இருந்தது. இன்று அது 30 வீதத்தை ஒட்டி நிற்கிறது. 1972இல் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்துக்குள்ளேயே இயந்திரங்கள் இறங்கின. மக்கள் குரல் எழுப்பியதால் சில வருடங்களில் அது நிறுத்தப்பட்டது. அதே வனம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் உள்ளூர் மரம் பெரும்பாலும் வீட்டு வளவுகளிலிருந்தும் நட்டு வளர்த்த தோட்டங்களிலிருந்தும் வருவது. அந்தத் தேக்குத் தோட்டங்களில் கூலிக்குக் கன்று நட்டவர்களில் மாமாவும் ஒருவர். அவர் நட்ட கன்று சில, அவர் உயிரோடு இருக்கும்போதே பெரிய மரமாகி நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது தட்டிப் பார்த்துவிட்டு வருவாராம். உள்ளே போறை இல்லை என்று அந்த மனிதர் சொல்லும்போது முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

ஹெந்தளைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக பாஸைக் கூப்பிட்டேன். துண்டோடுதான் மரம் வேண்டும், துண்டை என் கையில் தர வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப ஹஸ்ரத், முதிரைக்குக் காசு போதாதே" என்றார். உண்மைதான், போதவில்லை. மஹோகனிக்கு மாறினோம். இரண்டு ஜன்னல் வைக்க இருந்த சுவரில் ஒரு ஜன்னல்தான் வைத்தோம். மற்ற இடத்தைக் கல் வைத்து அடைத்தோம். என் மூத்த மகள் அறைக்குள் வந்து, "வாப்பா, இந்தப் பக்கம் காத்து வராதே" என்றாள். வராதுதான். ஏன் வராது என்று உட்காரவைத்துச் சொன்னேன். மாடு திரும்பிப் பார்த்த இடம் வந்ததும் அவள் அழுதுவிட்டாள்.

உங்களில் வீடு கட்டுகிறவர்கள், கதவு மாற்றுகிறவர்கள், மகளின் கலியாணத்துக்கு அலுமாரியும் கட்டிலும் செய்யக் கொடுக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தாம். மரக்காலையில் விலை கேட்குமுன் பேர்மிட்டைக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் மரத்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். 1968இல் தொடங்கப்பட்ட அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களிலும் மரம் வாங்கலாம். உங்கள் வளவில் நிற்கும் பலாவை வெட்டுவதென்றாலும் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். என் வளவு, என் மரம் என்று கோடரியை எடுத்துவிடாதீர்கள். பழைய வீடு உடைக்கும் இடத்தில் நல்ல நிலைகள் கிடைக்கும், அதிலும் குறைவொன்றும் இல்லை. உங்கள் வீட்டில் மரம் வெட்ட யாராவது வந்தால் கூலி பேசுவதற்கு முன் அவருடைய காலைப் பாருங்கள். வெறுங்காலோடு செயின்சோ பிடிக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும், வியர்வை காயுமுன் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நாங்கள் புறப்படும் நாளில் மாமா ஒரு சாக்குப் பொதியை என் கையில் தந்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு சிறிய கைக்கோடரி. அன்று அவர் செதுக்கிய விண்ணாங்கு மரத்தின் மிச்சத் துண்டில் பிடி போட்டிருந்தார். "தேங்காய்ச் சிரட்டையும் கொப்பும் வெட்ட ஒதவும்" என்றார். நான் பிடியைப் பற்றி அசைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது.

இப்போது அதை மத்ரஸாவுக்குக் கொண்டு போகிறேன். அந்த ஹதீஸ் பாடம் வரும் நாளில் மேசையில் வைத்து, பிள்ளைகளைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிடி போடுவதென்றால் என்னவென்று முதலில் அவர்களுடைய கை அறியட்டும், கிதாபைப் பிறகு திறப்போம்.

உழைக்கிறவனின் கையிலிருந்து கோடரியைப் பறிக்கும் காசு நம் கையிலிருந்து போகாமல் அல்லாஹ் நம் எல்லோரையும் காப்பானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.